சிடிஐ வாங்குவதற்கு முன் கால் தேக்கரண்டி பெற்றோல்

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் கரையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் எழுதிக்கொள்கிறேன். அவரிடம் பதினெட்டு அடி ஃபைபர் படகும் 15 குதிரைவலு கொண்ட இரட்டைச் சிலிண்டர் மண்ணெண்ணெய் இயந்திரமும் இருக்கின்றன. வாடைக்காற்றில் கடல் கொந்தளித்ததால் பத்து நாட்கள் தொழிலுக்குப் போகாமல் படகைக் கரையில் ஏற்றி வைத்திருந்தார். அதற்கு முதல் நாள்வரை எந்தக் குறையுமின்றி ஓடிய இயந்திரம் இப்போது கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. பொறி தரும் இரண்டு பிளக்கையும் புதிதாக மாற்றியும் பயனில்லை. ஒரு மெக்கானிக், பிளக்குக்கு மின்சாரம் அனுப்பும் மின்னணுப் பெட்டியான சிடிஐ எரிந்துவிட்டது என்கிறார். இன்னொருவர் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில்தான் கோளாறு என்கிறார். யார் சொல்வது சரி, சிடிஐ வாங்கிவிடலாமா என்பது கேள்வி.

எந்தப் பாகம் பழுது என்று கேட்பதுபோல இது தோன்றினாலும், பணத்தைச் செலவழிப்பதற்கு முன் அந்த இருவரில் யார் சொல்வது சரியென்று தம் கையாலேயே எப்படி உறுதிசெய்வது என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார்ப் பொறித்திருத்தம் படித்துவிட்டு, சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நாவலடிப் பக்கம், படகின் பின்புறத்தில் மாட்டும் வெளியிணைப்பு இயந்திரங்கள் வந்து குவிந்த காலத்திலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறவன். இருந்தாலும் உங்கள் இயந்திரத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. கயிற்றை இழுக்கும்போது எழும் ஓசையையும் கேட்கவில்லை. ஆகவே இன்னதுதான் பழுது என்று இங்கிருந்தே அடித்துச் சொல்ல மாட்டேன். எந்த வரிசையில் பார்த்தால் உண்மை வெளிப்படும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் இயந்திரம் சும்மா இருந்த பத்து நாட்களில் பழுதாகியிருக்கிறது என்பதே உங்கள் கேள்வியிலுள்ள மிகப் பெரிய தடயம். பிஸ்டனும் வளையங்களும் ஓடும்போது தேய்கின்றனவே தவிர, படுத்திருக்கும்போது தேய்வதில்லை. சிடிஐயும் பெரும்பாலும் ஓட்டத்தின் சூட்டிலும் அதிர்விலும்தான் சாகிறது. படுத்திருந்த இயந்திரத்தில் அது தானாகச் செத்துப்போவது நடக்காததல்ல, ஆனால் என் அனுபவத்தில் அரிது. சும்மா இருக்கும்போது கெடுபவை இரண்டு. ஒன்று எரிபொருள். மற்றது உப்புக் காற்றும் பனியும் படிந்து கறள் பிடிக்கும் மின் தொடுப்புகள். எனவே ஐயத்தை அந்த இரண்டின்மீது முதலில் வையுங்கள்.

அதிலும் மண்ணெண்ணெய் இயந்திரம் என்பதால் என் மனம் முதலில் எரிபொருளின் பக்கமே போகிறது. பெற்றோல் உறைகுளிரிலும் ஆவியாகித் தீப்பற்றக்கூடியது. அதன் தீப்பற்று வெப்பநிலை ஏறத்தாழ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ். மண்ணெண்ணெய்க்கோ அது 38 பாகைக்கு மேலே இருக்கிறது. விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும் சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் ஆவியாக மாறாமல் துளித்துளியாகவே படியும். பொறி விழுந்தாலும் அது பற்றாது. இந்த இயந்திரங்களைப் பெற்றோலில் எடுத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது இதனால்தான். அதைவிட முக்கியமான மறுபாதியை நம்மில் பலர் செய்வதில்லை. கரையை நெருங்கும்போது மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி, கார்புரேட்டரின் கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் முழுவதும் எரிந்து தீரும்வரை சில நிமிடம் ஓடவிட்டு, அதன் பின்னரே நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டால், அடுத்த முறை பெற்றோல் பக்கம் எரிபொருள் வால்வைத் திருப்பினாலும் கிண்ணத்தில் இருப்பது மண்ணெண்ணெய்தான்; கயிற்றை இழுக்க இழுக்க அதுவே உள்ளே போகும். அன்றாடம் தொழிலுக்குப் போகிறவர் அதைப் பத்து, இருபது இழுப்பில் எப்படியோ சமாளித்துவிடுவார். பத்து நாள் கிடந்த இயந்திரத்தில் அது கைகொடுக்காது. நீங்கள் கடைசி நாளில் எதில் நிறுத்தினீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். கடல் கொந்தளிக்கத் தொடங்கிய நாளில் அவசரமாகக் கரையேறியவர் பெற்றோலுக்கு மாற்றியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.

நீங்கள் புதிய பிளக் போட்டதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழைய பிளக்குகளைக் கழற்றியபோது அவற்றின் நுனி நனைந்திருந்ததா, காய்ந்திருந்ததா என்பதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு மிகவும் வேண்டியிருந்த செய்தி அதுதான். நல்லவேளையாக அது இன்னும் கெட்டுப்போகவில்லை. இப்போது போட்டிருக்கும் புதிய பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். நீங்கள் இழுத்த இழுப்புகளுக்கு அவையும் சாட்சிதான். நுனி நனைந்து, விரலில் தேய்த்து முகர்ந்தால் மண்ணெண்ணெய் வாடை வந்தால், எரிபொருள் வருகிறது, ஆனால் தவறான எரிபொருள் வருகிறது, அல்லது அளவுக்கு மிஞ்சி வருகிறது என்று பொருள். முற்றிலும் காய்ந்திருந்தால் எரிபொருள் சிலிண்டரை எட்டவேயில்லை. நீர்த்துளி முத்துமுத்தாக நின்றால் எரிபொருள் தாங்கியில் தண்ணீர் கலந்திருக்கிறது, அல்லது அதைவிட மோசமாக, தலைப்பாகத்தின் கஸ்கட் வழியே தண்ணீர் உள்ளே கசிகிறது.

இனி அந்த இருவரின் வழக்குக்கு வருவோம். அதைத் தீர்க்க இரண்டு சோதனைகள் போதும், ஆனால் அவற்றின் வரிசையை மாற்றக் கூடாது. பொறியை முதலில் பாருங்கள். பெற்றோலை அதன் பிறகே கையில் எடுங்கள். மாற்றிச் செய்தால் பொறிக்கு முன்னால் பெற்றோல் ஆவி காத்திருக்கும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடிப்பகுதியில் இறங்கித் தங்கும். எனவே தாங்கியை அப்புறப்படுத்தி, காற்றோட்டமான இடத்தில், பீடியை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். அவசரமாக நிறுத்துவதற்கான சிவப்புக் கயிற்றின் கொளுக்கி அதன் இடத்தில் சரியாக மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் கொளுக்கி இல்லாமல் அரைமணி நேரம் கயிறு இழுத்த அனுபவசாலிகளை நான் கண்டிருக்கிறேன், அதில் நானும் ஒருவன்.

பிளக் இரண்டையும் கழற்றித் துடைத்து, அவற்றின் தொப்பிகளில் மீண்டும் செருகி, இரண்டின் உலோக உடலும் இயந்திரத்தின் வர்ணம் பூசாத உலோகத்தை நன்றாகத் தொடும்படி, பிளக் துளைகளிலிருந்து விலக்கி வையுங்கள். துளைகளைத் துணியால் அடையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடவைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த அளவு இரட்டைச் சிலிண்டர் இயந்திரங்கள் பலவற்றில் ஒரே கொயிலின் இரு முனைகளிலிருந்தே இரண்டு பிளக்குக்கும் வயர் போகிறது. ஒரு பிளக் அந்தரத்தில் தொங்கினால் சுற்று அறுந்து மற்றதிலும் பொறி வராமல் போகலாம். அதை வைத்தே சிடிஐ போய்விட்டது என்று முடிவுகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தொங்கவிட்ட நிலையில் மீண்டும் மீண்டும் இழுப்பது நல்ல சிடிஐயையும் கொன்றுவிடக்கூடும். கயிற்றைச் சோர்வாக அல்ல, சட்டென்று வேகமாக இழுக்க வேண்டும், ஏனெனில் காந்தச் சக்கரம் ஒரு குறைந்தபட்ச வேகத்தை எட்டினால்தான் இந்த அமைப்பில் மின்சாரம் உண்டாகும். வெயிலில் பொறி கண்ணுக்குத் தெரியாது. வாடியின் நிழலிலோ பொழுதுசாய்ந்த பிறகோ பாருங்கள். நீலமாக, 'டிக்' என்ற ஓசையுடன் விழும் பொறி நல்ல பொறி. மஞ்சளாக, நூல்போல நெளியும் பொறி வெளியில் தெரிந்தாலும் சிலிண்டருக்குள் அழுத்தத்தின் கீழ் அணைந்துபோகலாம். ஆகையால் பொறி தெரிகிறது என்பது முழு நிரூபணம் அல்ல. பொறி தெரியவே இல்லை என்பதுதான் உறுதியான செய்தி.

நல்ல பொறி தெரிந்தால் இரண்டாவது சோதனைக்குப் போகலாம். இயந்திரத்தின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர் நிரப்பிய ஒரு பெரிய பீப்பாயில் இறக்குங்கள், ஏனென்றால் தண்ணீரில்லாமல் ஓடினால் உள்ளேயிருந்து குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் இறப்பர்ச் சுழலி சிறிது நேரத்திலேயே கருகிவிடும். துளைகளை அடைத்த துணியை எடுத்துவிட்டு, ஒயில் கலந்த பெற்றோலைத் துளைக்குக் கால் தேக்கரண்டி அளவு மட்டும் விட்டு, பிளக்கைப் பூட்டி, சிந்தியதைத் துடைத்து, ஆவி கலைந்த பிறகு இழுங்கள். இரண்டு, மூன்று விநாடி சீறி ஓடிவிட்டு இயந்திரம் நின்றால் வழக்கு தீர்ந்தது. பொறி சரி, சிலிண்டரின் இறுக்கம் (கம்பிரஷன்) சரி, சிடிஐ சரி. எரிபொருள் வரும் வழியில்தான் கோளாறு. கார்புரேட்டர் என்று சொன்ன மெக்கானிக் ஏறத்தாழச் சரி, சிடிஐக்குப் பணம் தேவையில்லை. நல்ல பொறி இருந்தும் இந்தச் சோதனையில் ஒரு தும்மலும் வராவிட்டால், சிலிண்டர் ஏற்கெனவே மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்கலாம். அப்போது பிளக்கைக் கழற்றி, பொறி விழாதிருக்கச் சிவப்புக் கயிற்றின் கொளுக்கியை எடுத்துவிட்டு, பிளக்குகளைத் தொப்பிகளில் செருகி முன்போலவே துளைகளிலிருந்து விலக்கி உடலோடு தொடவைத்து, காற்றைக் குறைக்கும் சோக்கைத் திறந்து, வேகப்பிடியை முழுதாகத் திருகிவைத்துப் பத்துப் பன்னிரண்டு முறை இழுத்து உள்ளிருப்பதை வெளியேற்றிக் காயவிட்டு, கொளுக்கியை மாட்டித் திரும்பச் செய்யுங்கள்.

வழி எரிபொருளின் பக்கம் திரும்பினால், தாங்கியிலிருந்து தொடங்கி இயந்திரத்தை நோக்கி நகருங்கள். மூடியிலுள்ள காற்றுத் திருகாணி திறந்திருக்க வேண்டும். குழாயின் நடுவேயுள்ள இறப்பர்ப் பம்பை அதன் அம்புக்குறி மேல்நோக்கியபடி பிடித்து அமுக்கினால் சில அமுக்கில் கல்லாக இறுக வேண்டும். இறுகாமல் கொழகொழவென்றே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் இணைப்பிலுள்ள சிறு இறப்பர் வளையத்தில்; அல்லது கார்புரேட்டரின் மிதவை ஊசி அடைக்காமல் எரிபொருள் வழிகிறது. அடுத்ததாகத் தாங்கியின் அடியிலிருந்தும் கார்புரேட்டரின் வடிகால் திருகாணியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் விட்டுப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனிப் படையாகப் பிரிந்து நிற்கும். நம் கரையில் மழையின் பெரும்பகுதி கார்த்திகை முதல் தை வரையில்தான் கொட்டுகிறது; அரைகுறையாக நிரம்பிய தாங்கி அந்த மழையிலும் இரவுக் குளிரிலும் வெளியே கிடந்தால் தண்ணீர் சேராமல் இருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறிய பிறகு, அதற்கு முந்தைய தட்டுப்பாட்டில் பழகிய கையோடு, எரிபொருளைப் பழைய பிளாஸ்டிக் கான்களில் வாரக்கணக்கில் சேர்த்துவைக்கும் வழக்கம் வலுத்தது. அந்தக் கான்களின் அடியில் இருப்பதைப் போத்தலில் விட்டுப் பார்த்தால் பலர் கடலுக்குப் போகவே தயங்குவார்கள்.

தண்ணீரோ பழைய மண்ணெண்ணெயோ கிண்ணத்தில் இருந்தால் அதை முழுவதும் வடித்து, ஒயில் கலந்த புதிய பெற்றோலைப் பம்பி நிரப்பி, சோக்கை இழுத்து முயலுங்கள். உங்கள் விடயம் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும் என்று நம்புகிறேன். முடியாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்றி, எரிபொருள் பாயும் நுண்துளைப் பாகங்களான ஜெற்றுகளைச் சுத்தம் செய்ய வேண்டும். பித்தளை ஜெற்றுக்குள் கம்பியையோ தூண்டிலையோ விட்டுக் குத்தக் கூடாது. துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கலவை மாறிவிடும். ஊதியும் பெற்றோலில் ஊறவைத்துமே அழுக்கை எடுக்க வேண்டும். இயந்திரத்திலுள்ள எரிபொருள் பம்பின் மெல்லிய சவ்வு கிழிந்திருந்தாலும் இதே அறிகுறி தோன்றும், ஆனால் அது சும்மா கிடந்த நாட்களில் திடீரென்று நேர்வது குறைவு.

பொறி வரவே இல்லையென்றால்? அப்போதும் சிடிஐக்கு ஓடாதீர்கள். இதை ஒரு பிழையால் கற்றவன் சொல்கிறேன். தொழில் தொடங்கிய மூன்றாம் வருடம் ஒரு சம்மாட்டியாரின் (படகு முதலாளியின்) இயந்திரத்தில் பொறி இல்லை என்றவுடன் சிடிஐதான் என்று சொல்லி வாங்கவைத்தேன். பூட்டிய பிறகும் பொறி வரவில்லை. மறுநாள் நிறுத்தும் சுவிட்சைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே உப்புப் பூத்து இரு தொடுப்புகளும் ஒன்றாகிக் கிடந்தன; இயந்திரம் நிரந்தரமாக நிறுத்தப்பட்ட நிலையில் இருந்திருக்கிறது. மின் பாகத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. சம்மாட்டியார் என்னைத் திட்டவில்லை, ஆனால் அதன் பிறகு நான் எந்தச் சிடிஐயையும் கடைசியாகத்தான் பார்க்கிறேன். எனவே பொறி இல்லாவிட்டால் முதல் வேலை, நிறுத்தும் சுவிட்சிலிருந்து வரும் வயரை அதன் இணைப்பில் கழற்றிவிட்டு மீண்டும் சோதிப்பது. பொறி வந்துவிட்டால் குற்றவாளி சுவிட்ச் அல்லது அதன் வயர். அந்த வயர் கழன்றிருக்கும்போது இயந்திரம் எடுபட்டால் பொத்தானை அமுக்கி நிறுத்த முடியாது. சோக்கை மூடியே மூச்சடைக்கவைத்து நிறுத்த வேண்டும் என்பதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள்.

அதிலும் வராவிட்டால் ஒவ்வோர் இணைப்பையும் பிரித்து, பச்சைக் கறளைச் சுரண்டி, உடலோடு சேரும் நிலவயரின் திருகாணியையும் துப்புரவாக்குங்கள். பிளக் தொப்பிகளை வயரிலிருந்து திருகிக் கழற்றி, வயர் நுனியில் கால் அங்குலம் வெட்டிவிட்டு மீண்டும் பூட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பொறி இல்லையென்றால் இரு தொப்பிகளையும் இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு தொப்பியோடு சேர்ந்து இடம் மாறினால் விடை கிடைத்துவிட்டது. இதற்குப் பிறகுதான் காந்தச் சக்கரத்தின் கீழுள்ள கொயில்களை மல்ரிமீற்றரால் அளப்பது வருகிறது. அந்த அளவுகள் மாதிரிக்கு மாதிரி வேறுபடும் என்பதால் உங்கள் இயந்திரத்தின் கைநூலை வைத்துள்ள ஒருவரிடம் அதை ஒப்படையுங்கள். அத்தனையும் சரியாக அளந்த பின்னரும் பொறி வரவில்லையென்றால் அப்போது சிடிஐயை ஐயுறலாம். அந்த நிலையிலும், அதே மாதிரி இயந்திரம் வைத்திருக்கும் அயல் படகுக்காரரிடம் ஒரு மணி நேரம் இரவல் வாங்கிப் பூட்டிப் பார்ப்பது, கடையில் வாங்கிப் பூட்டிப் பார்ப்பதைவிட மலிவு.

சிலிண்டரின் இறுக்கத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பிளக் பூட்டிய நிலையில் கயிறு வழக்கம்போலத் தடைபட்டுத் தடைபட்டு வந்தால் போதும். எதுவும் தடுக்காமல் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வந்தால் மட்டும் அழுத்தமானி வைத்துப் பார்க்க வேண்டும். இரு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று பத்து, பதினைந்து வீதத்துக்குமேல் வேறுபடக் கூடாது. கயிறு சுண்டி உங்கள் கையையே பின்னுக்கு இழுத்தால் காந்தச் சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் சாவிக்கட்டை வெட்டுப்பட்டுப் பொறி விழும் நேரம் பிசகியிருக்கலாம்.

நீங்கள் சொல்லாத ஒன்றையும் கேட்டாக வேண்டும். அந்தப் பத்து நாட்களில் அலை ஏறிவந்து இயந்திரத்தை மூழ்கடித்ததா? அப்படியானால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், கயிற்றைத் தொடவே வேண்டாம். உள்ளே மணல் இருந்தால் ஒவ்வொரு இழுப்பும் சிலிண்டர்ச் சுவரைக் கீறும். கடலில் விழுந்த இயந்திரத்தைத் தூக்கிய சில மணி நேரத்துக்குள் நன்னீரால் கழுவி, பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, ஒயில் விட்டு, ஓடவைத்துக் காயவைக்க வேண்டும். உடனே முடியாவிட்டால் நன்னீரில் மூழ்கவைத்திருப்பதே நல்லது, ஏனெனில் காற்றுப் பட்ட பிறகுதான் கறள் விரைந்து பிடிக்கிறது. பத்து நாள் கடந்துவிட்டதென்றால் முழுவதும் பிரிக்காமல் வழியில்லை.

ஒயிலைப் பற்றி ஒரு சொல். முச்சக்கரவண்டிக்கு விடும் ஒயில் காற்றால் குளிரும் இயந்திரத்துக்கானது. நமக்கு வேண்டியது தண்ணீரால் குளிரும் இயந்திரங்களுக்கான டிசி-டபிள்யூ3 தரம். இயந்திரம் இறுகிவிடுமோ என்ற பயத்தில் சொன்ன அளவைவிடக் கூடுதலாக ஊற்றுவதும் பிளக்கைக் கரியால் மூடி, விடிகாலையில் இதே தொல்லையைத் தரும். புதிய பிளக் வாங்கும்போது குறியீட்டெண்ணையும் ஒப்பிடுங்கள். என்ஜிகே பிளக்கில் இறுதியில் '-10' என்றிருந்தால் இடைவெளி 1.0 மில்லிமீற்றர் என்று பொருள். அது இல்லாத பிளக்கும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

நான் எழுதியது கயிறிழுக்கும் சிறிய இரட்டை வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) இயந்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும். வாழைச்சேனையிலிருந்து பலநாள் தொழிலுக்குப் போகும் படகுகளின் டீசல் இயந்திரங்களுக்கு இதில் பெரும்பகுதி செல்லாது, அவற்றில் பொறி தரும் பிளக்கே கிடையாது. உங்கள் இயந்திரத்தைப் பொறுத்தவரை நாளைக்குள் மூன்று செய்திகளை எழுதுங்கள்: கடைசி நாளில் எந்த எரிபொருளில் நிறுத்தினீர்கள், இப்போதுள்ள பிளக்குகளின் நுனி நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா, கால் தேக்கரண்டி பெற்றோலுக்கு இயந்திரம் என்ன பதில் சொன்னது. அவை கிடைத்தால் அடுத்து எந்தத் திருகாணியில் கைவைப்பது என்று சொல்கிறேன். அதுவரை சிடிஐ கடையிலேயே இருக்கட்டும்.